பிள்ளைப் பருவக் காயமும் முதுமைக்கால மருந்தும்

“வேணாம் அத்தை! இனிமே செய்யமாட்டேன் அத்தை!”

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு காலைப்பொழுது, புக்கிட் பாத்தோக்கில் உள்ள எங்கள் வீவக வீட்டின் குளியலறையிலிருந்து இந்தக் குரல் எழுந்தது. கத்தியவர் என் பாட்டி. அப்போது அவருக்கு வயது 74. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். உள்ளே அவருடன் இருந்தவர், அவரைக் குளிப்பாட்டி உடை மாற்றுவதற்காகப் புதிதாக வந்திருந்த இல்லப் பணிப்பெண். பெரியவர் ஒருவரைக் குளிப்பாட்டும்போது கதவைச் சாத்துவதுதானே மரியாதை? அந்தப் பெண்ணும் அதைத்தான் செய்தார். கதவு சாத்தப்பட்ட மறுகணம் பாட்டி இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிவிட்டார்.

பணிப்பெண்ணுக்குப் பாட்டியின் பேத்தி வயது. அவரைப் பார்த்து எதற்கு ‘அத்தை’ என்று கதற வேண்டும்?

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னோம். முதுமைமறதி தொடங்கிவிட்டது என்றார் அம்மா. மருத்துவமனையில் ஏதோ காற்றுக் கருப்பு ஒட்டிக்கொண்டது, கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்றார் பெரியப்பா. பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த நானோ, மயக்க மருந்தின் பின்விளைவாக வரும் தற்காலிகக் குழப்பம் என்று பாடப்புத்தகத்தைப் புரட்டிச் சொன்னேன். மூன்றும் தவறு. அவற்றுள் என்னுடையதுதான் அதிக நம்பிக்கையோடு சொல்லப்பட்ட தவறு.

மருத்துவர் முறைப்படி எல்லாவற்றையும் பார்த்தார். முதியவர்களுக்குத் திடீரென்று மனக்குழப்பம் ஏற்பட்டால் சிறுநீர்த் தொற்று, தைராய்டு சுரப்பிக் கோளாறு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். அவை ஒன்றுமில்லை. நினைவாற்றல் சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். பல ஆண்டுகள் சீட்டுப் பிடித்துக் கணக்குப் பார்த்தவரிடம் அதைக் கேட்கலாமா? நான் மனத்திற்குள் 79க்கு வருவதற்குள் பாட்டி 51இல் இருந்தார். பிறகுதான் அந்த மருத்துவர், நாங்கள் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“யாரும்மா அந்த அத்தை?”

பாட்டி எங்களை வெளியே இருக்கச் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

அவர் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்தது ஒரு பகுதி. அதிலும் அவர் அனுமதித்ததை மட்டுமே இங்கு எழுதுகிறேன். அனுமதி கேட்டது வீட்டில் அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பு கருங்கல் குவாரியாக இருந்து இப்போது நீர் நிறைந்து கிடக்கும் ‘லிட்டில் குய்லின்’ பூங்காவின் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “பேரு போடாதே. மத்ததெல்லாம் எழுதிக்கோ. நாலு பேருக்கு உதவும்னா எழுது” என்றார்.

பாட்டி பிறந்தது 1949இல். தாயை இழந்த குழந்தையாக, தீவின் வடக்கே இருந்த தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், அப்பாவின் அக்காள் வீட்டில் வளர்ந்தார். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிச் சுமப்பதும் அவர் வேலை. தவறினால் அடி. பெரிய தவறு என்றால் பொதுக் குளியலறையில் இருட்டில் அடைத்து வெளியே தாழ்ப்பாள். சில நாள்களில் விடியும்வரை. அப்போது அவருக்கு ஏழு வயது. பதினெட்டு வயதில் திருமணமாகி வெளியேறும்வரை இது தொடர்ந்தது. அதன்பின் 56 ஆண்டு வாழ்க்கைக்குக் கணக்குப் போட்டால், இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, தாத்தாவிடம்கூட.

நம் வீட்டுக் குளியலறை விளக்கு ஏன் இரவெல்லாம் எரிகிறது என்று நான் சிறுவயதில் கேட்டதுண்டு. “பாட்டிக்குப் பழக்கம்” என்றார்கள். அதோடு விட்டுவிட்டோம்.

ஏன் இப்போது?

இத்தனை காலம் அடங்கிக் கிடந்தது எழுபதைக் கடந்தபின் ஏன் தலைதூக்க வேண்டும்? முதியோர் மனநலத்துறையில் இது அறியாத ஒன்றன்று. இளமையிலும் நடுவயதிலும் மனிதர்களுக்கு ஓயாத வேலை இருக்கிறது. பிள்ளைகளை வளர்ப்பது, கடனை அடைப்பது, சமைப்பது, வேலைக்கு ஓடுவது என்று நாள் நிரம்பி வழியும். அந்த ஓட்டமே ஒரு கவசம். ஓய்வு பெற்ற பிறகு, துணையை இழந்த பிறகு, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. வேண்டாத நினைவை ஒதுக்கித் தள்ளுவதற்கும் மூளைக்கு ஒரு வலு வேண்டும்; வயதாகும்போது அதுவும் சற்றுத் தளர்கிறது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. முதுமை மனிதரை மறுபடியும் பிறர் கையில் ஒப்படைக்கிறது. யாரோ உணவூட்டுகிறார், யாரோ உடை களைகிறார், யாரோ கதவைச் சாத்துகிறார். குழந்தையாக இருந்தபோது பிறர் கையில் பாதுகாப்பாக இருந்தவருக்கு இது கூச்சம் தரலாம், அவ்வளவுதான். பிறர் கையில் வதைபட்டவருக்கோ உடல் முந்திக்கொண்டு பழைய பாடத்தை ஒப்பிக்கிறது. பாட்டிக்கு அந்தக் கணத்தில் அத்தை ‘நினைவுக்கு’ வரவில்லை. அத்தை எதிரில் நின்றார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் தன்மையே இதுதான். சாதாரண நினைவுக்கு ‘அது அன்று நடந்தது’ என்ற தேதி முத்திரை இருக்கும். இந்த நினைவில் அந்த முத்திரை விழுவதில்லை.

முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் ‘குளிக்க மறுக்கிறார்’, ‘பிடிவாதம் பிடிக்கிறார்’, ‘இரவில் தூங்குவதில்லை’ என்று குறிக்கப்படும் பெரியவர்களில் எத்தனை பேருக்குள் இப்படி ஒரு தாழ்ப்பாள் ஓசை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். முதுமைமறதி உண்மையாகவே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கக்கூடாது என்று விதி இல்லை.

மனத்தோடு இது நிற்பதுமில்லை. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் உடற்பருமனுக்குச் சிகிச்சையளித்து வந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப்போவதைக் கண்டு காரணம் தேடியபோது, அவர்களில் பலர் பிள்ளைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அவரும் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில் 9,500க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றனர். பங்கேற்றோரின் சராசரி வயது ஏறத்தாழ 56. பிள்ளைப் பருவத் துன்ப அனுபவங்களின் எண்ணிக்கை கூடக்கூட, நடுவயதிலும் முதுமையிலும் மனச்சோர்வு, இதயநோய், நுரையீரல் நோய் ஆகியவை படிப்படியாகக் கூடுவதை அது காட்டியது. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2016இல் நடத்திய நாடளாவிய மனநல ஆய்விலும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன. பெரியவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் இத்தகைய அனுபவம் ஒன்றையாவது குறிப்பிட்டனர். பெற்றோரின் மரணம், மணமுறிவு ஆகியவையும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதால் அந்த எண்ணிக்கை முழுவதையும் ‘கொடுமை’ என்று வாசித்துவிடக்கூடாது. ஆனாலும் நம் புளோக்கில் நம் வீடு மட்டும் தனித்தீவு அன்று என்பதை அது சொல்கிறது.

ஐம்பதைக் கடந்தவர்களுக்குக் கதவடைப்பு

“இந்த வயசுல பேசி என்ன ஆகப்போவுது?” என்று பெரியப்பா கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டே 1905இல் வெளியான ஓர் உரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஐம்பது வயதை நெருங்கியவர்களுக்கும் கடந்தவர்களுக்கும் மனத்தின் நெகிழ்ச்சி போய்விடுகிறது, சிகிச்சையில் கையாள வேண்டிய வாழ்க்கைக் கதையும் மலைபோல் குவிந்துவிடுகிறது என்பது அவர் வாதம். இதைச் சொன்னபோது அவருக்கே ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எண்பது வயதைக் கடந்தும் அவர் நூல் எழுதிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை. எனினும் அவர் வாக்கு நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. முதியவர்களுக்கு மாத்திரை, இளையவர்களுக்குப் பேச்சு என்ற பாகுபாடு வேரூன்றியது.

அதற்கு எதிர்க்குரல் 1963இல் வந்தது. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதியவர்கள் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் அன்று என்று எழுதினார். வாழ்க்கையின் இறுதிக் கட்டத்தில் ஒருவர் தம் கதையைத் திரும்பிப் பார்த்து, தீராமல் கிடக்கும் கணக்குகளைத் தீர்க்க முனைவது இயல்பான மனவேலை என்றார். அதற்கு ‘வாழ்க்கை மீள்பார்வை’ என்று பெயரிட்டார். பாட்டிமார்கள் ஒரே கதையைப் பத்து முறை சொல்வதைக் கேட்டு நாம் கைப்பேசியைத் தடவுகிறோமே, அந்தப் பத்து முறையும் அவர்கள் அதே கதையைச் சொல்கிறார்களா என்று ஒருமுறை கூர்ந்து கேட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் கதை, குடியிருப்பில் ஒரு முறை வெள்ளம் வந்தது பற்றியது. அந்தக் கதையில் அத்தை வீட்டார் அனைவரும் வெளியேறிவிடுவார்கள். பாட்டி எங்கே இருந்தார் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் விடுபட்டுவிடும்.

கயிறும் கற்களும் பூக்களும்

பாட்டிக்குக் கிடைத்த சிகிச்சையை விளக்குகிறேன். சிகிச்சையாளர் ஒருவர், தமிழ் பேசுபவர், வாரம் ஒரு முறை. ‘எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், மனப்பாரம் குறையும்’ என்று தொடங்குவார் என நான் எதிர்பார்த்திருந்தேன். முதல் ஐந்து வாரம் அவர் அத்தையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் எழுதிய நூலில் இத்தகைய சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கம் அனுசரித்தலும், கடைசியில் மற்றவர்களோடும் அன்றாட வாழ்வோடும் மீண்டும் இணைதல். கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் ஒருவரைப் பிடிமானம் இல்லாமல் பழைய இருட்டுக்குள் இறக்குவது சிகிச்சை ஆகாது. ஆகவே அந்த ஐந்து வாரமும் வீட்டில் மாற்றங்கள் செய்தோம். குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கும்; வெளியே ஒரு திரை. தண்ணீரை முதலில் பாட்டி தம் கையிலேயே ஊற்றிக்கொள்வார். பணிப்பெண் எதைச் செய்யுமுன்னும் வாய்விட்டுச் சொல்வார். திடீரென்று நெஞ்சு படபடத்தால் பாட்டி காலைத் தரையில் அழுத்தி, கண்முன் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வேண்டும். “வாளி, சொம்பு, சவர்க்காரம், துண்டு, இந்தப் பொண்ணோட வளையல்.” இது ஏதோ குழந்தை விளையாட்டுப் போல எனக்குத் தோன்றியது. ஆனால் தேதி முத்திரை இல்லாத நினைவுக்கு ‘இது இன்று, இது புக்கிட் பாத்தோக்’ என்று முத்திரை குத்தும் வேலையை அந்தப் பொருள்கள்தான் செய்தன.

ஆறாவது வாரம் ஒரு கயிறு வந்தது. தரையில் நீளமாகப் போட்டு, ஒரு முனை பிறப்பு என்றார் சிகிச்சையாளர். நல்லவை நடந்த இடத்தில் பூ, துன்பம் நடந்த இடத்தில் கல். மறுமுனை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது இனி வரப்போகும் வாழ்க்கை. போராலும் வன்முறையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய ‘கதைவழி எதிர்கொள்ளல்’ சிகிச்சையின் முதல் படி அது. கயிற்றை வைத்தபின், பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்லப்படும். கல்லின் அருகே வரும்போது மெதுவாக நின்று, அப்போது என்ன கண்டார், என்ன கேட்டார், உடலில் என்ன உணர்ந்தார், என்ன நினைத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். இப்போது இந்த அறையில் என்ன உணர்கிறார் என்பதையும் கூடவே கேட்பார்கள். அன்றும் இன்றும் அருகருகே வைக்கப்படுகின்றன. சொன்னதைச் சிகிச்சையாளர் எழுதி, அடுத்த வாரம் வாசித்துக் காட்டுவார்; பாட்டி திருத்துவார். முடிவில் கையில் ஒரு முழு வாழ்க்கைக் கதை இருக்கும். கொடுமை அதில் சில அத்தியாயங்கள்.

தமிழர்களுக்கு இது அந்நியச் சரக்கு அன்று. இலங்கையின் வடகிழக்கில் போரும் 2004 ஆழிப்பேரலையும் தாக்கிய பிள்ளைகளுக்கு இதே முறையின் சிறுவர் வடிவத்தை உள்ளூர் ஆலோசகர்களே பயிற்சி பெற்று அளித்தனர். 31 பிள்ளைகள் பங்கேற்ற அந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு குழுவுக்குக் கதைவழிச் சிகிச்சை, மற்றொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரு குழுவினருமே நன்கு தேறினர். ஒரே ஒரு முறைதான் சரி என்று யாரும் மார்தட்ட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதியவர்களுக்கு என்ன சான்று? நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 33 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், இந்த முறையாலும் அன்றாடப் பிரச்சினைகளை மையமாகக் கொண்ட மற்றோர் உரையாடல் முறையாலும் அறிகுறிகள் தணிந்தன. ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போரைக் குழந்தைகளாகக் கண்டவர்கள், எழுபது வயதையொட்டிய நிலையில், ஆறு வாரம் எழுத்துவழிச் சிகிச்சை பெற்றனர். வாழ்க்கையின் ஒவ்வொரு பருவத்தையும் எழுதினார்கள். கடைசியில், இன்றைய முதியவர் அன்றைய குழந்தைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிதுதான். முதியவர்களை ஆய்வில் சேர்ப்பதே அரிதாக இருந்த துறையில் இது தொடக்கம்.

பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஆகவே அந்தக் கடிதத்தை அவர் வாயால் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வயதானவர்களுக்கு ஏற்பச் சில மாற்றங்கள் தேவைப்பட்டன. ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது. ஐம்பது நிமிடம் போதும். காது கேட்கும் கருவியின் மின்கலம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் (ஒரு வாரம் பாதிக் கேள்விகள் பாட்டிக்குக் கேட்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்). இதயநோய் இருந்தால் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மாத்திரைகளையும் ஒதுக்க முடியாது. மனச்சோர்வு நீக்கும் சில மருந்துகள் பலருக்குத் துணைபுரிகின்றன. ஆனால் ‘தூங்கட்டும்’ என்று கொடுக்கப்படும் சிலவகைப் பதற்றத் தணிப்பு மாத்திரைகள் முதியவர்களைத் தள்ளாட வைத்து விழச்செய்கின்றன, குழப்பத்தையும் கூட்டுகின்றன. ஏற்கெனவே இடுப்பு முறிந்தவருக்கு அது எவ்வளவு ஆபத்து!

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல சிகிச்சையாளர் ஒருபோதும் ‘உங்களுக்கு இப்படி நடந்திருக்கும்’ என்று எடுத்துக்கொடுக்கமாட்டார். 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையைக் கேட்ட 24 பேரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ ஓரளவோ ‘நினைவுகூர்ந்தனர்’. நினைவு அவ்வளவு இளகியது. ஆனால் எங்கள் பாட்டியைப் போன்றவர்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மறக்காமல், சொல்லாமல் இருந்தார்கள். இரண்டும் வேறு வேறு.

செஞ்சோற்றுக் கடன்

பாட்டியின் சிகிச்சையில் மிகக் கடினமான பகுதி இருட்டறை அன்று என்று பின்னர் அவரே சொன்னார். சோறு.

“அடிச்சாங்கதான். ஆனா சோறு போட்டவங்கள்ல?”

தாயில்லாப் பிள்ளையை எடுத்து வளர்த்தவர் அத்தை. அந்தச் சோற்றை உண்டவர், சோறு போட்ட கையைக் குற்றம் சொல்வதா? செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல்லையே உருவாக்கி வைத்திருக்கும் மொழி நம்முடையது. அடியாத மாடு படியாது என்பதும், அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதும் நம் பழமொழிகள்தாம். இவற்றைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, தமக்கு நடந்தது கொடுமை என்று சொல்வதற்குச் சொல்லே அகப்படுவதில்லை. செய்தித்தாளில் வரும் ‘சிறார் துன்புறுத்தல்’ அவருக்கு வேறு யாருக்கோ நடப்பது. இத்தனைக்கும் சிங்கப்பூரில் சிறுவர்களைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது பாட்டி பிறந்த அதே 1949இல்தான். சட்டம் அரசிதழில் இருந்தது. தாழ்ப்பாள் கதவில் இருந்தது.

மேற்கத்தியப் பாடநூல்கள் இந்த இடத்தில், ‘தவறு என்னுடையது’ என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்கின்றன. பாட்டியிடமும் அந்த எண்ணம் இருந்தது. “நான் துடுக்கு. அதனாலதான் அடி.” அதைக் களைவது ஓரளவு எளிதாகவே இருந்தது. ஏழு வயதுக் கொள்ளுப்பேரனைக் காட்டி, “இவன் துடுக்குத்தனம் பண்ணினா ராத்திரி பூரா இருட்டுல பூட்டுவீங்களா?” என்று சிகிச்சையாளர் கேட்டாராம். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “இவனையா? எவன் பூட்டுவான்?” என்று எழுந்தவர், பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்திருக்கிறார்.

நன்றியுணர்வைக் களைய முடியாது, களையவும் கூடாது. சிகிச்சையாளர் அதைக் கையாண்ட விதம்தான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. சோற்றுக்கு நன்றி ஒரு கணக்கு, அடிக்கு வலி இன்னொரு கணக்கு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிக்க வேண்டியதில்லை என்றார். சீட்டுப் பிடித்தவருக்கு அந்த மொழி உடனே விளங்கியது. மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்றும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நம்மவர்கள், குறிப்பாகக் கோயிலிலும் கூட்டங்களிலும் பேசுபவர்கள், மன்னிப்பை முதல் மாத்திரையாகக் கொடுத்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் தாமாக ஒருநாள் அங்கே வந்து சேரலாம், சேராமலும் போகலாம். அவர் வருவதற்குமுன் பிறர் அதைக் கேட்பது இன்னொரு தாழ்ப்பாள்.

இதில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டேன். அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் அவரைக் குளிப்பாட்டியவர் எங்கள் பாட்டிதான். 1990களில், இதே வீட்டில், இதே குளியலறையில்.

இது பாட்டியின் தனிக்கதை மட்டும் அன்று. இன்று அறுபதைத் தொடும் பல பிள்ளைகள், தம்மை வதைத்த எண்பத்தைந்து வயதுப் பெற்றோரைப் பராமரிக்கும் நிலையில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத 60 வயதைக் கடந்த பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். பெற்றோர் தம்மைக் கைவிட்டார், கொடுமைப்படுத்தினார் என்று பிள்ளை எதிர்வாதம் வைக்கவும் அதில் இடமிருந்தது. ஆனால் அதற்காக அந்தப் பிள்ளை நடுவர் மன்றத்தில் பழைய காயத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாகவோ கைவிட்டதாகவோ ஏற்கெனவே பதிவுள்ள பெற்றோர் முதலில் நடுவர் மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்றது. கடமையும் காயமும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக நான் இதைப் பார்க்கிறேன்.

இந்தியாவிலும் 2018இல் ஒரு கதவு திறந்தது. சென்னையில் பிறந்து கனடாவில் வாழும் ஓர் உயிரியல் ஆய்வாளர், ஐம்பது வயதைக் கடந்தபின், சிறுமியாக இருந்தபோது தமக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை குறித்துப் புகார் அளிக்க முயன்றார். காலம் கடந்துவிட்டது என்று கேட்டவர், சும்மா இருக்காமல் பொதுமக்களிடம் கையெழுத்துத் திரட்டி மத்திய அமைச்சரைச் சந்தித்தார். அவ்வாண்டு அக்டோபரில், சிறார் பாலியல் குற்றங்கள் குறித்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புகார் அளிக்கக் கால வரம்பு இல்லை என்று சட்ட அமைச்சு தெளிவுபடுத்தியது. எல்லாரும் புகார் கொடுக்க விரும்புவார்கள் என்பதில்லை. எங்கள் பாட்டியைப் பொறுத்தவரை புகார் கொடுக்க ஆளும் இல்லை.

எங்கே போவது?

நம்மவர்களுக்கு மனநலம் என்றதும் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பெயர்தான் நினைவுக்கு வருகிறது. 1928இல் தொடங்கப்பட்டு 1951இல் அந்தப் பெயர் பெற்ற மருத்துவமனை, 1993இல் புவாங்கோக் வட்டாரத்துக்கு இடம் மாறி மனநலக் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும், பழைய பெயர் கேலிச் சொல்லாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களை நேராக அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதில்லை. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்களில் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். சேஜ் ஆலோசனை நிலையம் மூத்தோருக்கென்றே இயங்குகிறது. இந்திய சமூகத்துக்குச் சிண்டா இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

தமிழில் பேசும் சிகிச்சையாளர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கிடைக்கச் சற்றுத் தாமதமாகலாம். எங்களுக்கு இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. அந்த இடைவெளியில் நானே மொழிபெயர்க்கிறேன் என்று ஆர்வத்தோடு முன்வந்தேன். மருத்துவர் மறுத்துவிட்டார். பேத்தியின் வாய்வழியாகப் பாட்டி எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? குடும்பத்தார் மொழிபெயர்ப்பாளராக இருப்பது உதவிபோலத் தோன்றும் தடை. அன்று எனக்கு வருத்தம்தான்.

பெரியவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால் வீட்டில் என்ன செய்வது என்று தோழி ஒருத்தி கேட்டாள். துருவிக் கேட்க வேண்டாம். பேச்சை மாற்றவும் வேண்டாம். “அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே” என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது நான்தான். வெள்ளக் கதையில் ஒருமுறை பாட்டி, “அன்னிக்கு என்னை மட்டும் உள்ள…” என்று இழுத்தபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்த நான் அப்படிச் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. அவர் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

பாட்டிக்கு இப்போது 76 வயது. பதினெட்டு வாரச் சிகிச்சை கடந்த ஆண்டு முடிந்தது. கெட்ட கனவு அடியோடு நின்றுவிடவில்லை. வாரத்தில் நான்கு இரவு வந்தது மாதத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறது. குளியலறைக் கதவு இன்றும் பாதி திறந்தே இருக்கிறது. வெள்ளக் கதையில் பாட்டி எங்கே இருந்தார் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஓர் இரவு நூலகத்திலிருந்து தாமதமாக வீடு திரும்பினேன். குளியலறை இருட்டாக இருந்தது. கை தானாகப் போய் விளக்கைப் போட்டது. “யாருடி அது? கரண்டுக் காசு நீயா கட்டுறே?” என்று அறையிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் இரவு விளக்கு மறுபடியும் எரிந்தது. யாரும் அணைக்கவில்லை.